மணிமேகலை எங்கே?

'பொன்னியின் செல்வன்' படமாகிறதென்ற செய்தி வந்தது முதல், ஜொகூர்த் தோட்டங்களிலும் பட்டணத்திலும் கல்கி அன்பர்கள் கூடிய இடமெல்லாம் ஒரே வழக்கு: வந்தியத்தேவனாக நடிக்கத் தக்கவர் யார்?

1958இல் எம்.ஜி.ஆர். எடுக்க முயன்று முடியாத படத்தை, மணிரத்னம் 2022லும் 2023லும் இரு பாகங்களாகத் தந்தார். காட்சிச் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் மணிமேகலை எங்கே? வந்தியத்தேவன்மீது விழுந்த கொலைப்பழியைத் தானே ஏற்கத் துணிந்து, சித்தங் கலங்கி, அவன் மடியில் உயிர்நீத்த பேதை அவள். ஐந்து பாகக் கதையின் கடைசி அத்தியாயத்தைக் கல்கி எந்த மன்னனுக்கும் அளித்தாரில்லை; இவளுக்கே அளித்தார். அவளை நீக்கியபின் எஞ்சுவது பெரிதும் அரியணைச் சண்டையே. நேரமில்லை என்பர், போர்க்களத்துக்கு மட்டும் நேரம் இருந்ததோ?

நடிகர் பட்டியலை வைத்துக்கொண்டு வாதிட்ட நாம், அதில் அவள் பெயர் இல்லையென்பதை அன்று கவனித்தோமில்லை.