ஒரே வரியில் இரண்டு பெயர்

ராத்திரி 11:30-க்கு ஓடவேண்டிய பில்லிங் ஜாப் காலை 6:30-க்கு ஓடியிருக்கிறது என்றால், ‘யார் கை வைத்தது?’ என்பதுதான் ஆபீஸில் எழும் முதல் கேள்வி. 1988-இல் ஏ.எஸ்./400 என்று வெளிவந்து, இன்று ஐ.பி.எம். ஐ என்ற பெயரில் ஓடும் அமைப்பில் இதற்கு விடை தேடுவதை ஒரு கலை என்றே சொல்வேன். இதில் தேர்ந்தவர் எடுத்தவுடன் ஆளைத் தேடமாட்டார். யாராவது மாற்றினார்களா என்பதையே முதலில் சந்தேகிப்பார். ஷெட்யூலில் ஒவ்வொரு ஜாப்புக்கும் ‘ரெகவரி ஆக்‌ஷன்’ என்று ஒரு கட்டம் உண்டு. குறித்த நேரத்தில் மெஷின் நின்றிருந்தாலோ, பேக்கப்புக்காகக் கட்டுப்பாட்டு நிலையில் இருந்தாலோ, மீண்டதும் தவறிய ஜாப்பை அனுப்பிவிடச் சொல்வதே அதன் வழக்கமான அமைப்பு. அன்று பேக்கப் 6:30-க்குத்தான் முடிந்தது என்றால் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை.

நேரம் நிஜமாகவே மாறியிருந்தால் ரசிக்க வேண்டிய பகுதி தொடங்குகிறது. ஷெட்யூல் பதிவு தன்னைச் சேர்த்தவரின் பெயரை வைத்திருக்கும். அவசரக்காரர் அதையே மாற்றியவர் பெயராகப் படித்துவிடுவார். மாற்றியவரைத் தேட ‘கியூ ஆடிட் ஜர்னல்’ என்னும் தணிக்கைக் குறிப்பேட்டுக்குப் போகவேண்டும். ஷெட்யூல் பொருளின் மேல் முன்கூட்டியே தணிக்கை போட்டு வைத்திருந்தால், அதைத் தொட்டதற்கு இசட்.சி. வகைப் பதிவு அங்கே கிடக்கும். அந்தப் பதிவில் பெயர் இரண்டு இருக்கும். நேவிகேட்டர் போன்ற திரை வழியாக வந்தவரின் வேலையைப் பின்னணியில் ஒரு சர்வர் ஜாப் செய்வதால், ஜாப்பின் பெயரோடு ‘கியூ யூசர்’ என்ற பொதுக் கணக்கு ஒட்டியிருக்கும். உண்மையில் வந்தவர் ‘நடப்புப் பயனர்’ என்ற பத்தியில் இருப்பார். ஒரு பத்தி தள்ளிப் படித்தால் வழக்கே கவிழ்ந்துவிடும். அதோடு, கை பட்டது என்பதைத்தான் இசட்.சி. சொல்லும், 11:30 எப்படி 6:30 ஆனது என்று சொல்லாது. அந்த ஆளுக்குக் கட்டளைத் தணிக்கையும் இருந்திருந்தால் சி.டி. பதிவில் அவர் கொடுத்த கட்டளையே கிடைக்கும். இரண்டின் ஜாப் எண்ணும் நொடியும் பொருந்தினால்தான் முடிச்சு விழும்.

இதில் கலை எங்கே, ஒரு வடிகட்டியைப் போட்டால் மென்பொருளே காட்டிவிடுமே என்பார்கள். வரியைக் காட்டும், சரிதான். எந்தப் பெயரை நம்புவது என்பதை அது தீர்மானிக்காது. சக ஊழியரை வேவு பார்க்கும் வேலை என்ற குறைக்கும் இதே பதில்தான்: வெறும் வதந்தி பிடித்துக்கொடுத்தவரைச் சரியாகப் படித்த ஒரு பத்தி விடுவிக்கவும் செய்யும். குறிப்பேட்டில் விழுந்த பதிவை எந்த அதிகாரியாலும் திருத்த முடியாது என்பதே அதற்குப் பலம் (பதிவுகளைத் தாங்கும் ‘ரிசீவர்’ என்ற பொருளையே அழித்துவிடலாம் என்பது வேறு கதை). வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. நாலு பேர் ஒரே பாஸ்வேர்டில் ‘கியூ செக் ஆஃபீசர்’ என்னும் பாதுகாப்பு அதிகாரி கணக்கைப் பயன்படுத்தினால் இத்தனை நுட்பமும் எதற்கு? அப்போதும் பதிவில் தொலைமுகவரி மிஞ்சும். தேர்ந்த கை ‘இந்த முகவரியிலிருந்து, இந்த நொடியில், இந்தக் கணக்கில்’ என்று எழுதி, ஆள் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிடும்.