மூச்சும் மனுவும்

இரவுப்பணி முடிந்து வீடு திரும்ப வண்டி கேட்டோம். அலுவலகம் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு வைத்தது. மூச்சை எண்ணினேன். மனம் லேசானது. அந்த லேசில் வண்டியை மறந்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

தீராத வலியோடு வாழ்ந்தவர்களுக்காக 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபட்-சின் தொடங்கியது இந்த எட்டு வாரப் பயிற்சி. 2014இல் 47 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வு, தியானம் பதற்றத்தையும் வலியையும் ஓரளவு தணிப்பதாகச் சொன்னது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விஞ்சுவதற்குச் சான்றில்லை என்றும் சொன்னது. பின்பாதியை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. ஆய்வின் வினாப்பட்டியல் என் பதற்றத்தை அளக்கும். நான் நடந்துவரும் இருட்டுத் தெருவை எது அளக்கும்?

தன்பரிவுக்கு 2003இல் அளவுகோல் தந்த கிரிஸ்டின் நெஃப், 2021இல் பெண்களுக்கென எழுதிய நூலில் அதற்குச் சீற்றமும் உண்டு என்கிறார். இன்றும் பத்து நிமிடம் கண்மூடி உட்காருகிறேன். எழுந்ததும் வண்டிக்கான மனுவில் தோழிகளிடம் கையெழுத்து வாங்குகிறேன்.