பண்டத்துக்கு ஒரு நாள்

சில வருஷங்களாக ஒரு வழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. 'இன்று ஐஸ்கிரீம் தினம்', 'இன்று தேநீர் தினம்' என்று ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். என் நண்பர் ஒருவர் இதைப் பெரிதும் ரசிக்கிறவர். "மனிதனுக்கு மட்டுந்தானா நாள் கொண்டாட வேண்டும்? தின்கிற பண்டத்துக்கும் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே!" என்பது அவர் கட்சி. நானும் முதலில் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். சாப்பாட்டு விஷயத்தில் சண்டை பிடிப்பது அழகல்ல. ஆனால் கதை எழுதிப் பழகியவனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எதைப் பார்த்தாலும், 'இதில் மனிதர்கள் எங்கே?' என்று தேடுவான். இந்தத் தினங்களிலும் அப்படித் தேடினேன்.

இந்தக் கொண்டாட்டங்கள் மலிந்த தேசம் அமெரிக்கா. அங்கே ஜூன் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை டோனட் தினம். டோனட் என்பது நம் உளுந்து வடைபோல் நடுவில் ஓட்டை உள்ள பண்டம்; கோதுமை மாவில் செய்து, கொழுப்பில் பொரித்து, சர்க்கரை தூவுவார்கள். 1917-இல், முதல் உலக யுத்தத்தின்போது, சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ சேவை ஸ்தாபனத்துப் பெண்கள் சிலர் பிரான்ஸ் போர்முனைக்குப் போனார்கள். வீட்டை விட்டு வந்த சிப்பாய்களுக்கு வீட்டு ருசியில் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. கேக் சுட வசதி இல்லை. கையில் இருந்தவை மாவும் சர்க்கரையும் கொழுப்புந்தான். ஹெலன் பர்வயன்ஸ், மார்கரெட் ஷெல்டன் என்ற இருவர் அவற்றைக் கொண்டு டோனட் பொரித்தார்கள். சிப்பாய்கள் வரிசை கட்டி நின்றார்கள். பின்னால் 1938-இல், நாடு பொருளாதார மந்தத்தில் வாடிய காலத்தில், ஏழைகளுக்குப் பணம் திரட்டவும் அந்தப் பெண்களைக் கௌரவிக்கவும் சிக்காகோ நகரில் முதல் டோனட் தினம் நடந்தது.

இதை நான் கதை என்று ஒப்புக்கொள்வேன். பசி இருக்கிறது, பயம் இருக்கிறது, மாவு பிசைந்த கை இருக்கிறது. அந்த ஸ்தாபனம் இன்றும் இதை நினைவுகூர்கிறது. ஆனால், கடைக்காரர் டோனட்டை இலவசமாகத் தருகிற நாள் என்பதாகத்தான் பெரும்பாலோர் அதை அறிவார்கள். ஓட்டை போட்ட வடை மிஞ்சிற்று. பொரித்தவர்கள் மறைந்து போனார்கள்.

ஐஸ்கிரீம் தினத்தின் பிறப்பு வேறு மாதிரி. 1984-இல் ஜனாதிபதி ரீகன் ஜூலையை ஐஸ்கிரீம் மாதம் என்றும், அதன் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையை ஐஸ்கிரீம் தினம் என்றும் பிரகடனம் செய்தார். அந்நாட்களில் அமெரிக்காவில் பால் தேவைக்கு மேல் பெருகிப்போய், அரசாங்கக் கிடங்குகளில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மலைபோல் தேங்கிக் கிடந்தன. நாட்டுப் பாலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை ஐஸ்கிரீம் தொழில் வாங்கிக்கொள்கிறது என்பதைப் பிரகடனமே சொல்லிற்று. விற்க வேண்டிய சரக்கை 'விற்க வேண்டும்' என்று சொல்லிக் கொண்டாடினார்கள். அதில் ஒரு நேர்மை உண்டு என்பேன்.

என் மனத்தை உறுத்துவது மூன்றாவது தினந்தான், தேநீர் தினம். 2005-ஆம் வருஷம் டிசம்பர் 15-ஆம் தேதி புது டில்லியில் அது முதன்முதலாக அனுசரிக்கப்பட்டது. தொடங்கியவர்கள் தொழிற்சங்கத்தாரும் அவர்களைச் சேர்ந்த அமைப்பினரும். தோட்டத் தொழிலாளரின் கூலி, சிறு விவசாயிக்குக் கொழுந்துக்குக் கிடைக்கும் விலை, இவைதாம் அன்றையப் பேச்சு. பிறகு 2019-இல் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் போட்டு, மே 21-ஆம் தேதியை உலகத் தேநீர் தினமாக்கிற்று. பெரும்பாலான தேயிலை நாடுகளில் நல்ல கொழுந்துப் பருவம் தொடங்குவது மே மாதத்தில் என்பது காரணம். தீர்மானத்தில் வறுமை ஒழிப்பைப் பற்றியும் பேச்சு உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் வாழ்த்தில் என்ன இருக்கிறது? ஆவி பறக்கிற ஒரு கோப்பையும், 'உற்சாகம்' என்ற சொல்லும் இருக்கின்றன. செடியின் பருவம் நாளைப் பிடித்துக்கொண்டது. கூலிக்காரியின் நாள் நழுவிப்போயிற்று.

நமக்கு இது யாரோ வீட்டு விவகாரம் அல்ல. இலங்கை மலைகளிலும் ஆனைமலையிலும் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள், கங்காணியின் வார்த்தையை நம்பிப் போன நம் கிராமத்து ஜனங்கள். லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்தார்கள். 1948-இல் இலங்கை அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை என்றது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு சர்க்கார்கள் தலைகளை எண்ணிப் பங்கு போட்டன. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதைப் பறித்தவர்களின் கணக்கு இது.

கதை எழுதியவர்கள் இதை மறக்கவில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போகிற மருதியைப் படித்தவர்கள் மறக்க முடியாது. முல்க் ராஜ் ஆனந்த் 1937-இல் அஸ்ஸாம் தோட்டத்தை வைத்து ஒரு நாவல் எழுதினார். தோட்டங்களில் வைத்தியராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் 'ரெட் டீ' எழுதினார். இவற்றில் தேநீரும் இருக்கிறது, கையும் இருக்கிறது. இலக்கியத்துக்கும் விளம்பரத்துக்கும் வித்தியாசம் என்னவென்று கேட்கிற இளைஞர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். விளம்பரமும் கதைதான், ஆளை மட்டும் எடுத்துவிட்ட கதை.

பிறரைச் சொல்லுமுன் என்னையும் சொல்லிக்கொள்ள வேண்டும். என் நாவல்களில் யாரும் காப்பியோ டீயோ குடிக்காத அத்தியாயம் இல்லை என்று ஒரு வாசகி வேடிக்கையாக எழுதியிருந்தார். எடுத்துப் பார்த்தேன், உண்மைதான். இத்தனை டம்ளர்களில் ஒன்றிலாவது அந்த இலை எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அப்படியானால் வாழ்த்து அனுப்புகிற நண்பரைவிட நான் எந்த விதத்தில் உயர்த்தி?

போன மே மாதம் அவர் வழக்கம்போல் வந்து வாழ்த்துச் சொன்னார். "டிசம்பர் 15-ஆம் தேதி சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். "அன்றைக்கு என்ன?" என்றார். உட்காரச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து புதுமைப்பித்தன் கதைகளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். டீயும் கொடுத்தேன். டீ ஆறிப்போகும்வரை அவர் படித்துக்கொண்டிருந்தார்.