தாழ்மையும் சிறுமையும்: கிறிஸ்து பிறப்புப் பனுவல்களில் இறையருளுக்கு உரியோர்

ஆய்வுச்சுருக்கம்

கடவுள் தாழ்மையுடையோர்க்கே அருளுகிறார் என்னும் கிறிஸ்து பிறப்புக் காலக் கருத்து, தமிழில் பெரும்பாலும் பணிவு என்னும் நற்பண்பைக் குறித்ததாகவே வாசிக்கப்படுகிறது. லூக்கா நற்செய்தியின் தமிழ் மொழிபெயர்ப்புகள், தேம்பாவணி, பெத்லகேம் குறவஞ்சி ஆகியவற்றைத் திருப்பாச்சூர்த் தலவரலாற்றோடும் திருவள்ளூர் வட்டார நிலவரலாற்றோடும் ஒப்புநோக்கி, அவ்வருள் பண்பை நோக்கியதன்று, வாழ்நிலையை நோக்கியது என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: தாழ்மை, சிறுமை, திருப்பாச்சூர், விவிலிய மொழிபெயர்ப்பு, பெத்லகேம் குறவஞ்சி, திருவள்ளூர்

மூங்கிற்காட்டில் முதலில் கண்டவர்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் வழியில் அமைந்துள்ள திருப்பாச்சூர், சம்பந்தரும் அப்பரும் பாடிய தொண்டைநாட்டுத் தலங்களுள் ஒன்று. பாசு என்பது மூங்கில். மூங்கிற்காடாக இருந்தமையால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். மூங்கிற்புதரின் நடுவே ஓரிடத்தில் பசு நாள்தோறும் பால் சொரிந்தது. அவ்விடத்தை வாசி என்னும் கருவியால் வெட்டியபோது குருதி பெருகியது. அங்கே இலிங்கம் வெளிப்பட்டது. ஆதலால் இறைவன் வாசீசுவரர் எனப் பெயர் பெற்றார் என்கிறது தலவரலாறு. கரிகாலன் கோயில் எடுத்தான் என்பது இதனை அடுத்து வரும் செய்தி.

இவ்வகைக் கதை தமிழகத்துத் தலங்கள் பலவற்றுக்கும் பொதுவானதே. எனினும் இதில் ஆய்வாளர் எளிதாகக் கடந்துவிடும் ஒரு கூறு உண்டு. இறைவனை முதலில் கண்டவர் அரசர் அல்லர், வேதியரும் அல்லர். மாட்டையும் காட்டையும் நம்பிப் பிழைத்தவர். அவர்கள் பணிவோடு வந்தவர்களும் அல்லர். கையில் வெட்டுக்கருவியோடு வந்தவர்கள். அவர்தம் பத்தியையோ அடக்கத்தையோ கதை ஓரிடத்திலும் புகழவில்லை. அன்றாட உழைப்பு அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது. வெளிப்பாடு அங்கே நிகழ்ந்தது. அரசன் பிறகே வருகிறான்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் இடையர்களும் இத்தகையோரே. இரவில் வயல்வெளியில் கிடைகாத்தனர் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி லூக்கா எதுவும் கூறவில்லை. நேர்மையாளர் என்றோ இறையச்சம் உடையவர் என்றோ அடைமொழி இல்லை. அதே நூலாசிரியர் செக்கரியா, எலிசபெத்து, சிமியோன் ஆகியோரை அறிமுகப்படுத்தும்போது இவ்வகை அடைமொழிகளைத் தவறாமல் தருகிறார். ஆகவே இடையர்க்கு அவை தரப்படாமை தற்செயலாகத் தோன்றவில்லை. இருப்பினும் டிசம்பர் மாதத்துத் தமிழ் மறையுரைகளிலும் கட்டுரைகளிலும் இடையர்கள் ‘தாழ்மையுள்ள உள்ளத்தினர்’ ஆகிவிடுகின்றனர். மூலத்தில் இல்லாத இப்பண்பு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதே இங்கு எழும் வினா.

ஒரு சொல்லின் இரு பொருள்

விடையின் ஒரு பகுதி தமிழ்ச் சொல்லிலேயே உள்ளது. மரியாவின் பாடலில் (லூக்கா 1:48) கடவுள் கண்ணோக்கியதாகச் சொல்லப்படுவது, கிரேக்கத்தில் ‘தபெய்னோசிஸ்’. இச்சொல் முதன்மையாகத் தாழ்ந்த வாழ்நிலையை, இழிவுக்கு ஆளான நிலையைச் சுட்டும். 19ஆம் நூற்றாண்டில் பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பெற்று இன்றும் சீர்திருத்தச் சபைகளில் பயிலும் மொழிபெயர்ப்பு இதனைத் ‘தாழ்மை’ என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘தாழ்நிலை’ என்கிறது. ஓரசை வேறுபாடுதான், ஆனால் பொருள் வெகுதூரம் விலகிவிடுகிறது.

பழைய மொழிபெயர்ப்பைக் குறைகூறுதற்கு முன் அதன் பழைய ஏற்பாட்டையும் பார்த்தல் வேண்டும். கணவனால் புறக்கணிக்கப்பட்ட லேயாள் தன் முதல் மகனைப் பெற்றபோது கூறும் கூற்றிலும் (ஆதியாகமம் 29:32), பிள்ளையின்மையால் பழிக்கப்பட்ட அன்னாள் சீலோவில் செய்யும் வேண்டுதலிலும் (1 சாமுவேல் 1:11) கிரேக்கப் பழைய ஏற்பாடு இதே ‘தபெய்னோசிஸ்’ என்னும் சொல்லையே ஆளுகிறது. மரியாவின் பாடல் அன்னாளின் வேண்டுதலை அடியொற்றி எழுந்தது என்பது விவிலிய அறிஞர் பலரும் ஏற்பது. தமிழ் மொழிபெயர்ப்பு, எபிரேய மூலத்திலிருந்து செய்யப்பட்ட அவ்விரண்டு இடங்களிலும் ‘சிறுமை’ என்கிறது. லேயாளுக்கும் அன்னாளுக்கும் சிறுமை; மரியாளுக்கு மட்டும் தாழ்மை.

சிறுமையை எவரும் நற்பண்பாகக் கொள்ளார். சிறுமையுடையவராய் இருங்கள் என ஒருவர்க்கு அறிவுரை கூறவும் இயலாது. சிறுமைப்படுத்துதல் என்னும் வழக்கில் சிறுமை செய்பவர் ஒருவர், அதனைப் பெறுபவர் ஒருவர் என இருவர் வந்துவிடுகின்றனர். மரியாவின் வாயிலும் அச்சொல்லே வந்திருப்பின், நாசரேத்தூரில் மணமாகாமல் கருவுற்ற ஓர் எளிய பெண்ணின் நிலை மறைந்திருக்காது. ‘தாழ்மை’ என்னும் சொல்லும் பழைய வழக்கில் இழிநிலையைக் குறித்ததுண்டு; எனவே இதனை மொழிபெயர்த்தோரின் பிழையாகக் கொள்வது முறையன்று. சொல்லின் இரு பொருளுள் ஒன்று காலப்போக்கில் மற்றொன்றை விழுங்கியது. வாசகர் அதற்கு உடன்பட்டனர். ‘மனத்தாழ்மை’ என்னும் தெளிவான பண்புச்சொல் பிலிப்பியர் 2:3இல் இருக்கும்போதும் இக்குழப்பம் நேர்ந்தது என்பதைக் கருதவேண்டும்.

தமிழ் அறநூல் மரபும் இவ்வாசிப்புக்குத் துணைநின்றது. ‘அடக்கமுடைமை’ அதிகாரம் பணிவை எல்லார்க்கும் உரியதாக்கினும், செல்வரிடத்தே அதற்குத் தனிமதிப்பு உண்டு எனக் கருதுகிறது. ‘பெருமை’ அதிகாரத்திலும் பணிவு பெருமையுடையாரின் அடையாளமாகவே வருகிறது. இது நுட்பமான பார்வை. பணிவதற்கு முதலில் ஓர் உயரம் வேண்டும். உயரமே மறுக்கப்பட்டவரிடம் பணிவைத் தேடி அதற்கு அருளைப் பரிசாகத் தருவதாகச் சொல்வது வள்ளுவத்துக்கும் பொருந்தாது, லூக்காவுக்கும் பொருந்தாது. பிலிப்பியர் திருமுகத்தின்படி தம்மைத் தாழ்த்தியவர் கிறிஸ்து. ஆகவே கிறிஸ்து பிறப்பில் தாழ்மை என்னும் பண்பு இறங்கி வருபவருக்கு உரியது. தாழ்நிலை, அவர் இறங்கி வந்து சேரும் இடத்தில் ஏற்கெனவே இருப்போர்க்கு உரியது. கடவுள் ஏன் எளியோரை நாடுகிறார் என்பதற்கு எளியோரின் குணத்தில் விடை தேடுவது, இறைவனின் செயலை மாந்தர்க்குரிய தகுதித்தேர்வாக மாற்றிவிடுகிறது.

இதே போக்கை மற்றொரு சொல்லிலும் காணலாம். குழந்தை கிடத்தப்பட்ட இடம் பழைய மொழிபெயர்ப்பில் ‘முன்னணை’, திருவிவிலியத்தில் ‘தீவனத்தொட்டி’. முன்னணை அழகிய சொல். மாட்டுக்கொட்டிலிலிருந்து அச்சொல் வழக்கொழிந்துபோக, கிறிஸ்து பிறப்புப் பாடல்களில் மட்டும் நிலைத்து ஒரு புனிதத்தன்மையைப் பெற்றுவிட்டது. தீவனத்தொட்டி என்றதும் வைக்கோலும் சாணமும் மீண்டும் வந்துவிடுகின்றன. சபையார் பலர்க்கு இன்றும் முன்னணையே இனிக்கிறது என்பது வியப்பன்று.

காப்பியமும் குறவஞ்சியும்

வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) தச்சர் ஒருவரைக் காப்பியத் தலைவராக்கியது. தன்னிகரில்லாத் தலைவனை வேண்டும் தமிழ்க் காப்பிய இலக்கணத்தின் முன் இது துணிவான தேர்வே. ஆயினும் நாட்டுவளமும் நகரவளமும் பாடி, சூசையப்பரை வளனாக்கித் தாவீதின் அரசமரபை முன்னிறுத்தியதும், உளியும் இழைப்புளியும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. இதில் வியக்க ஒன்றுமில்லை. காப்பியம் தன் இயல்பைச் செய்தது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774-1864) பெத்லகேம் குறவஞ்சி இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சுவார்ட்சு ஐயரிடம் கல்வி பயின்று, இரண்டாம் சரபோஜி மன்னரின் நட்பையும் பெற்றிருந்த சாஸ்திரியார், அக்காலத் தஞ்சையில் செல்வாக்குடன் விளங்கிய குறவஞ்சி வடிவத்தை எடுத்துக்கொண்டார். அவ்வரசவையைச் சார்ந்தே சிவக்கொழுந்து தேசிகரின் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியும் தோன்றியது. குறவஞ்சியின் சிறப்பு அதன் குறத்தி. சமூகப் படிநிலையின் அடித்தட்டைச் சேர்ந்த ஒருத்தி, மேற்குலத் தலைவியின் கையைத் தொட்டுப் பிடித்துக் குறிசொல்கிறாள். அவள் பேச்சில் கூச்சமில்லை. கூலியைக் கேட்டே பெறுகிறாள். பணிவு அவள் குணமன்று. இடையர்க்கு நற்செய்தி முதலில் அறிவிக்கப்பட்ட நிகழ்வைத் தமிழ் மரபுக்குள் கொண்டுவர இதைவிடப் பொருத்தமான வடிவம் ஒன்றைக் காட்டுதல் அரிது.

ஆனால் சாஸ்திரியார் உருவகத்தைக் கையாண்டார். தலைவி தேவமோகினி திருச்சபை, குறத்தி விசுவாசம், பறவை பிடிக்கும் குறவன் நற்செய்தியாளன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஞானப்பொருள் ஏற்றப்பட்டதும், மலையும் காடும் அலைந்து குறிசொல்லிப் பிழைக்கும் பெண் மறைகிறாள். அவளிருந்த இடத்தில் ஒரு கருத்து நிற்கிறது. இலக்கிய வகைமை எளியவர்க்குத் திறந்த கதவை உருவகம் ஓசையின்றிச் சாத்திவிடுகிறது.

இவ்வாசிப்புக்கு ஆசிரியரின் வாழ்விலும் சான்று உண்டு. 1820களில் தஞ்சைச் சபையில் சாதி வேற்றுமையை அகற்ற இளைய மிஷனரிகள் முயன்றபோது, அதனை எதிர்த்து வேளாளக் கிறிஸ்தவர் சார்பில் வாதிட்டு எழுதியவர் சாஸ்திரியார். ஒருங்கே அமர்தலும் ஒருங்கே நற்கருணை பெறுதலும் அவ்வழக்கின் பொருள்கள். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்ட பின்னரும் பூசல் ஓயவில்லை. குறத்தியைப் பாடியவரே இவ்வாறு எழுதினாரே என இதனை முரண்பாடாகக் காட்டிக் கடந்துவிடுவது எளிது. அது போதாது. எளியவரை ஒரு ஞானப்பொருளின் குறியீடாக ஏற்பதற்கும், அவருடன் ஒரே பாயில் அமர மறுப்பதற்கும் இடையே முரண் ஏதுமில்லை. முதலாவது இரண்டாவதற்கு இடமளிக்கிறது. சாஸ்திரியாரின் கவித்திறம் குறைந்ததன்று. அத்திறம் பாடிய குறத்திக்குச் சபையில் இருக்கை இல்லை என்பதே இங்குச் சுட்டப்படுவது.

திருவள்ளூரில் 1890கள்

சொல்லாராய்ச்சியாகத் தொடங்கிய இவ்வேறுபாடு நிலத்தில் எவ்வாறு இயங்கியது என்பதற்குத் திருப்பாச்சூரை உள்ளடக்கிய திருவள்ளூர் வட்டாரமே சான்று. அன்று இது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1891இல் அம்மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். உழுத நிலம் மட்டுமன்றிக் குடிசை நின்ற மனையும் அவர்களுக்குச் சொந்தமில்லை. மிராசுதாரர் நினைத்தால் வெளியேற்றலாம். கடன் அடிமைத்தனத்தைத் தலைமுறைக்கும் நீட்டித்தது. இவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் எனப் பின்னர் வழங்கலானது இதன் வழிவந்ததே.

அப்பத்தாண்டில் திருவள்ளூரைக் களமாகக் கொண்டு பணிசெய்த வெஸ்லியன் மெதடிஸ்ட் அருட்பணியாளர் வில்லியம் கௌடி, பறையர்க்கு நிலம் வேண்டும் என எழுதியும் வாதிட்டும் வந்தார். நகரிலுள்ள கௌடி மேல்நிலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியது. மறைப்பணியாளர் ஒருவர் மனையையும் காணியையும் பற்றி ஏன் எழுதவேண்டும்? மரியாவின் பாடலை வாழ்நிலை பற்றியதாக வாசித்தால் இவ்வினாவே எழாது. அப்பாடலில் வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுகின்றனர். பசித்தோர் நிறைவு பெறுகின்றனர். இவை குணமாற்றங்கள் அல்ல. மறுபுறம், காலையில் நிற்கும் குடிசை மாலையில் நிற்குமா என்றறியாத ஒருவரிடம் காணப்படும் பணிவைப் பண்பு என்பதா, நிபந்தனை என்பதா? அவரைப் பார்த்து, நீ தாழ்மையாய் இருப்பதால் கடவுள் உன்னை விரும்புகிறார் என்று கூறும் மறையுரை, அறிந்தோ அறியாமலோ மிராசுதாரரின் தேவையையே நிறைவேற்றுகிறது.

‘தாழ்த்தப்பட்டோர்’ என்னும் 20ஆம் நூற்றாண்டு வழக்கு இவ்விடத்தில் மொழியியல் நோக்கிலும் முக்கியமானது. தாழ்ந்தோர் என்பது தன்வினை. தாழ்த்தப்பட்டோர் என்பது செயப்பாட்டுவினை. தாழ்த்தியவர் யார் என்னும் வினாவைச் சொல்லே தன்னுள் வைத்திருக்கிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (பரட்டை) நாட்டுப்புற இசையிலும் பேச்சுமொழியிலும் வழிபாட்டுப் பாடல்களை இயற்றி, இறையருளை ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதாகக் கண்டார். சாஸ்திரியாரின் தஞ்சையில் எது வழக்காக இருந்ததோ, அதுவே இங்கு மையப் படிமம் ஆயிற்று. குறத்தியைப் போலவே அவர்தம் பாடல்மாந்தரும் பணிந்து பேசுவதில்லை. அவர்களை உருவகமாக்கவும் அவர் முயலவில்லை.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரச் சபைகளில் ஆண்டுதோறும் அரங்கேறும் கிறிஸ்து பிறப்பு நாடகங்கள் இதுகாறும் போதிய ஆய்வுக்கு உட்படவில்லை. சிப்காட் வளாகங்களில் இரவுப்பணி முறையில் வேலைசெய்வோர் நிறைந்த இப்பகுதியில், கிடைகாத்த இடையர் எவ்வுடையில், எம்மொழியில் மேடையேறுகின்றனர், அவர்கள் வாயில் தாழ்மை வருகிறதா சிறுமை வருகிறதா என்பது களப்பணியால் தொகுக்கத்தக்கது.