மீண்டெழும் நினைவகமும் கொழும்பு மின்வெட்டும்

கொமடோர் நிறுவனத்தார் 1988இல் அமிகா கணினியின் பணிசெயல் முறைமையை 1.3ஆம் பதிப்பாகப் புதுக்கியபோது உடன் அளித்த 'றாட்' என்னும் றாம் டிஸ்க் (நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டுப்போல் பயன்படுத்துவது), கணினி ஸ்தம்பித்து மறுபடி தொடங்கிய பின்பும் தன்னிடம் ஒப்படைத்த கோப்புகளை இழக்காத அபூர்வ குணமுடையது. சாதாரண றாம் டிஸ்க் றீசெட்டோடு அழிந்துபோம். இதுவோ, நினைவகத்தில் தான் பிடித்த இடத்தை முறைமையின் பட்டியலொன்றிலே பதிந்து வைப்பதால், கன்ட்ரோல் விசையையும் இரு அமிகா விசைகளையும் சேர்த்தழுத்த விழித்தெழும் கணினி, அப்பட்டியலைப் பரிசோதித்து, அவ்விடத்தைப் பிறிதொன்றுக்குக் கொடாது விட்டுவிடுகின்றது.

இதன் அவசியம் அமிகாவின் பிறவிக் குறையிலிருந்தே தோன்றியது. பல செய்நிரல்களை ஏககாலத்தில் ஓட்டவல்ல அக்கணினியில், ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று தீண்டாது தடுக்கும் காப்பு இல்லை. ஆகவே ஒரு நிரல் பிழைசெய்தாலும் 'குரு மெடிடேஷன்' என்னும் சிவப்புப் பெட்டி கண்சிமிட்ட யாவும் வீழ்ந்துவிடும். எழுதுவதும் ஓட்டுவதும் வீழ்வதுமாக நாளைக் கழிக்கும் நிரலாளர், ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் கொம்பைலரைப் பிளொப்பியிலிருந்து ஏற்றிக் காத்திருக்கும் தண்டனையை 'றாட்' நீக்கிற்று; தொடக்க மென்பொருளாகிய கிக்ஸ்டார்ட் 1.3 உள்ள கணினி அதிலிருந்தே தொடங்கவும் செய்யும். இந்த அளவில் அதனைத் தயக்கமின்றிப் பாராட்டலாம்.

இடப்பிரச்சினை வெளிப்படை. அமிகா 500 பிறந்தபோது அதன் நினைவகம் 512 கிலோபைற்று, பிளொப்பியோ 880. பிடித்த இடத்தை 'றாட்' வெறுமையாய் இருந்தாலும் விடுவதில்லை. இதனினும் பாரதூரமான தோஷம், எந்தக் காப்பின்மையால் அது வேண்டப்பட்டதோ அதே காப்பின்மையால் அதுவும் தீண்டப்படக்கூடும் என்பதே: நெறிகெட்ட நிரல் வீழுமுன் 'றாட்' இடத்தில் கிறுக்கிவிட்டிருந்தால், மீண்டெழுவது பழுதான பிரதியாகவும் இருக்கலாம்.

இவையெல்லாம் எவ்வூருக்கும் பொது. கொழும்பிலோ வேறொரு பகை உண்டு. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றிய 1996லும் 2001லும் மின்வெட்டு அன்றாட விதியாயிற்று. எரிபொருள் அற்ற 2022 மார்ச் இறுதியில் அது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்துள் புகுந்த குரங்கொன்று தீவு முழுவதையும் இருளில் ஆழ்த்திற்று என்று அதிகாரிகளே அறிவித்தனர். வெள்ளவத்தை அடுக்குமாடியில் ஜெனரேட்டர் உயிர்பெறச் செல்லும் சில விநாடிகளே போதும். விசிறி மறுபடி சுழலும், லிப்ட் ஏறும், நினைவகத்தில் இருந்ததோ திரும்பாது. ஜெனரேட்டர் இல்லாத கொட்டாஞ்சேனைப் பழைய வீட்டில் சில விநாடிகள்தானே என்ற பிரமையும் இல்லை. கணினியின் சொந்தப் பிழைக்கு மட்டுமே 'றாட்' பரிகாரம். மின்சாரம் நின்ற பின் அதன் மீளெழுச்சிக்கு ஆதாரம் ஏது?

எனவே நான் அதில் கொம்பைலரையும் கட்டளைக் கோப்புகளையும், அதாவது மூலப்பிரதி பிளொப்பியில் பத்திரமாக உள்ளவற்றை மாத்திரமே வைக்கச் சொல்வேன். அன்று எழுதிய வரிகள் நேரே பிளொப்பிக்கே செல்லவேண்டும், தாமதமாயினும். யூ.பி.எஸ். வாங்க வசதியுள்ளவர் இவ்விதியைச் சற்றுத் தளர்த்தலாம்: அது கீச்சிடத் தொடங்கியதும் 'றாட்' முழுவதையும் பிளொப்பியில் இறக்கச் சில நிமிடங்களே வேண்டும், அதன் பட்டரி பழையதாய்ப் போகாதவரை.