கைப்புள்ளயின் முகம்

மாதம் பிறந்து ஐந்தே நாள். வண்டிக் கடன் தவணையும் வாடகையும் போக, கணக்கில் மிஞ்சியதைப் பார்க்கிறான் முப்பத்தைந்து வயது நண்பன். புலம்பவில்லை. கல்லூரிக் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போடுகிறான்: ‘வின்னர்’ கைப்புள்ள, அடி வாங்கிய கோலத்தில். கீழே இரண்டே சொல்: ‘சம்பளம் வந்துருச்சு.’

2003இல் ‘வின்னர்’ திரைப்படத்தைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளுக்கு இன்று, கைப்புள்ளயாக நடித்த வடிவேலுவின் முகமே ஒரு மொழி. வலி, வீம்பு, சமாளிப்பு மூன்றும் அதில் ஒன்றாக இருக்கின்றன. மீம் போடுகிறவர் சேர்ப்பது ஒரு வரிதான்; அது சுருங்கச் சுருங்கக் கூர்மை. பெரிய கைவேலை என்பேன்.

அதைவிட எனக்குப் பிடித்தவை பதில்கள். ஒருவன் ‘தலைநகரம்’ நாய் சேகரை அனுப்புகிறான். இன்னொருவன் தலையில் சுத்தியல் விழுந்த நேசமணியை. எல்லாம் வடிவேலுவின் முகங்களே. சிரிப்பு அடங்கி, இரவு பதினோரு மணிக்கு ஒருவன் தனியாகக் கேட்கிறான்: ‘மச்சான், எவ்ளோ வேணும்?’