பாதியில் நின்ற பட்டு

பிரியதர்சன் இயக்கிய ‘காஞ்சிவரம்’, 2007-ஆம் ஆண்டின் சிறந்த படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. நாயகன் வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜும் சிறந்த நடிகராகத் தேர்வானார். அதை அண்மையில் மீண்டும் பார்த்தேன்.

மகளைப் பட்டுடுத்தி மணமுடிப்பேன் என ஊரறிய வாக்களிக்கிறான் ஏழை நெசவாளி வேங்கடம். அதற்காகப் பட்டிழை திருடுகிறான்; தான் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தையே கைவிடச் சொல்கிறான்; பிடிபட்டுச் சிறை செல்கிறான். 1948-இல் குறுகிய விடுப்பில் காவலரோடு திரும்புகையில், மகள் கிணற்றில் விழுந்து முடங்கிக் கிடக்கிறாள். பேண ஆளில்லை. தன் கையாலேயே அவள் உயிரைப் போக்குகிறான். பாதி நெய்த பட்டால் உடலை மூடப் பார்க்கிறான், துணி போதவில்லை.

கூலிக் கொடுமையைக் காட்டியதே படத்தின் வலிமை என்பர். உண்மையே. என்னை உலுக்கியதோ வேறொன்று. வாக்குறுதியை உரக்கச் சொன்னவன் வேதனையை ஒருவரிடமும் சொல்லவில்லை. காஞ்சியின் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் இணைக்க, தறியில் இன்னொருவர் துணைக்கு அமர்வது மரபு. வேங்கடமோ தனியே, ஒளித்து நெய்கிறான்.

படத்தின் குறையும் இங்கேதான். சாவே தந்தை தரக்கூடிய கடைசி அன்பு என்று நம் கண்ணீரையும் இசைய வைக்கிறது. அந்தப் பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்க மறந்துவிடுகிறோம்.

சாவை விரும்பி இறைவனிடமே கேட்டவர் இறைவாக்கினர் எலியா. அவரை வானதூதர் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்து, உறங்கவிட்டு, மீண்டும் வந்து தொட்டு எழுப்பினார். நாமோ நெடுங்காலம் கண்டித்தோம். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தற்கொலை செய்தோர்க்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் சட்டத்தில் அத்தடை இல்லை. கடும் உளநோயும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும், அவர்களது மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்கிறது 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி. ஆயினும் சட்டம் மாறிய பின்னும் நம் முகங்கள் மாறினவா? தண்டனைக்கு அஞ்சுபவன் நம்மிடம் வாய் திறப்பானா?

‘சாகத் தோன்றுகிறதா?’ என்று கனிவாகக் கேட்பதால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை. உள்ளே தனித்திருந்த எண்ணத்திற்கு ஒரு துணை கிடைக்கிறது. சென்னையில் 1986 முதல் ‘சிநேகா’ தொண்டர்கள் செய்துவருவது இந்தக் கேட்டலைத்தான். அரசின் 14416 என்னும் மனநல உதவி எண்ணிலும் பேசலாம், மருத்துவமும் உண்டு.

இதை வாசிக்கும் உங்களுள் ஒருவர் அந்த இருளில் இருக்கக்கூடும். அன்பரே, உமது துணி இன்னும் தறியில்தான் இருக்கிறது. இன்றே ஒருவரை அருகில் அழையும்.